வீரம்மா வாட்டிய ஆட்டுத்தோல்

எனக்கு வீரம்மாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் அந்த மனுசியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்போது, ஏதோ எனக்கு வேண்டியவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் சுதாகரன். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் இருபத்திரண்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன். டொக்டர் இல்லை. ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்துச் சனம் 'டொக்டரய்யா' என்றுதான் கூப்பிடும், நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மரியாதையில் ஓட்டை போடுவதற்கென்றே பிறந்தவர் வீரம்மா. ஒரு தடவை வயிற்றுவலிக்கு நான் ஊற்றிக் கொடுத்த மருந்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பழைய மருந்து. வாசம் செத்துப் போச்சு" என்றார், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். திகதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அவருடைய மூக்கும் கையும் அப்படி. பதினெட்டு வயதில் கொழுந்தெடுக்கப் போனவர், முழங்கால் தேய்ந்த பிறகு ஃபெக்டரிக்கு வந்தார். மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் பதினோரு வருடம். நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விடுவார்கள். எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரம் உதவாது. மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு. வீரம்மா ஒரு பிடி அள்ளி உருட்டிப் பிடித்துக் கையை விரிப்பார். உருண்டை அப்படியே நின்றால் வாடிவிட்டது. பிரிந்து விழுந்தால் இன்னும் காற்று வேண்டும். தேயிலைப் பதத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வீரம்மாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

புருசன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். மகன் நிரஞ்சன் கொழும்பில் கடை வேலை. லயத்துக் காம்பராவில் அவரோடு இருப்பது கறுவல் என்ற நாய்தான். ஒரு காது மடங்கி, வால் பாதி போய், என்ன சாதி என்று கடவுளுக்கே தெரியாத நாய். ஊரையே அதட்டுகிற வாய் அதனிடம் மட்டும் "சாப்பிட்டியா ராசா" என்று கேட்கும். என்னிடமும் ஒரு நாய் இருக்கிறது, ரெக்ஸ். நிமிர்ந்த காது, பளபளக்கிற முடி, கண்டியிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. அதைப் பற்றிப் பெருமை பேசாத நாள் எனக்கு இருந்ததில்லை.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொழுந்து லொறி ஓட்டுகிற பொன்னையாவின் சினை ஆடு பத்தாம் நம்பர் மலையோரம் கழுத்து கிழிந்து செத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கறுவல் குரைத்துக்கொண்டிருந்தது. சிறுத்தைதான் என்றார்கள் சிலர். நான் குனிந்து காயத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "சிறுத்தை இப்படிக் குதறாது. இது நாய் வேலை" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அந்தா உக்காந்திருக்கே, அந்த நாய்" என்று கையையும் நீட்டினேன்.

கோயில் கமிட்டிக்குச் செயலாளரும் நான்தான். அப்போதே ஆட்களைக் கூட்டி, அங்கேயே தீர்மானம் எழுதினேன்: 'ஆட்டைக் கடித்த நாய் எவருடையதாயினும், எவ்வித இரக்கமுமின்றி லொறியில் ஏற்றப்பட்டு, மலைக்குக் கீழே பொல்பிட்டியவுக்கு அப்பால் விடப்படும்.' அந்த 'எவருடையதாயினும்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடியில் கையெழுத்தும் போட்டேன்.

வீரம்மா சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்தேன். அவர் கறுவலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதுவும் இல்லாட்டி நான் வீட்டுக்குள்ள யாரோட பேசுறது, டொக்டரய்யா?" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்மானம் எழுதியாயிற்று.

பிறகு எழுந்து, போனை எடுத்து, சுலக்ஷனாவைக் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். இப்போது பல்கலைக்கழகத்தில், தோட்டங்களில் ஆடுகளை உண்மையில் கொல்வது சிறுத்தையா நாயா என்று ஆராய்ச்சி செய்கிறாள். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசினாள்.

"கடிச்ச எடத்துல எச்சில் ஒட்டியிருக்கும். அதுல இருக்கிற டிஎன்ஏவ வச்சு எந்த நாய்னே சொல்லிறலாம். ஆனா மண் சரிஞ்சு பாதை மூடிக் கெடக்கு, நான் வர பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் கடிபட்ட தோல அழுக விடக் கூடாது. ஈரத்தோட வச்சா டிஎன்ஏ சிதைஞ்சு போயிரும். சுத்தமான ஸ்பிரிட்ல போட்டு வைங்க சேர். இல்லாட்டி சூடு காட்டாம காய வச்சிருங்க."

ஒரு மாதம் பொறுப்போம் என்று கமிட்டி சொன்னது. எனக்கு எரிச்சல். நேற்று வரை இருமல் மருந்துக்கு என் கதவைத் தட்டிய பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கிறாள். என் அலுமாரியில் ஸ்பிரிட் இருந்தது. ஆனால் நோயாளிக்குக் கட்டி அறுத்தால் அந்தச் சதையைப் பெரியாஸ்பத்திரிக்கு எதில் போட்டு அனுப்புகிறோம்? போமலினில். வருடக் கணக்கில் அழுகாது. ஸ்பிரிட்டை விட ஒரு படி மேலாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போமலின் போத்தலை எடுத்துவந்து, ஆட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

வீரம்மா அதையும் முகர்ந்து பார்த்தார். "பிள்ள சொன்னது இது இல்லையே."

"இது அதவிட நல்லது."

"அப்படின்னா கழுத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்று கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, பல் பதிந்த தோலில் பாதியைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு ஃபெக்டரிக்கு நடந்தார்.

வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொழுந்து இல்லை. கடைசித் தொட்டி காலியாகக் கிடந்தது. டீமேக்கரிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாரோ, புது வலைத்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் ஆட்டுத்தோலை மெல்லிய கீற்றுகளாகப் பரப்பி, விசிறியைப் போட்டார். கொழுந்தைத் திருப்புகிற மாதிரியே அடிக்கடி குச்சியால் திருப்பிவிட்டார்.

"சுடுகாத்து விட்டா சீக்கிரம் காயுமே" என்றேன், கிண்டலாக.

"விட்டா வெந்துரும். கொழுந்த ஈரத்தோட சாக்குல அமுக்கி வச்சிருந்தா என்னாகும்? தன்னால சூடேறிச் செவந்து நாறும். ஈரமும் சூடும் சேந்தா எதுவும் தன்னையே தின்னுரும், ஐயா. குளுந்த காத்து, விடாத காத்து, அவ்வளவுதான்."

மறுநாள் காலை கொழுந்து வருவதற்குள் தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டார், தேயிலையில் வாடை ஏறக் கூடாதே. காய்ந்த கீற்றுகளைக் காகிதத்தில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, அதைச் சுற்றி ஃபெக்டரியில் கடைசியாக உலர்த்தி இறக்கிய தேயிலையை நிரப்பி இறுக்க மூடினார். புதுத் தேயிலை பக்கத்தில் எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளுமாம். ஆட்டுக்குத் தேநீர் ஊற்றப் போகிறார் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

சுலக்ஷனா பன்னிரண்டாம் நாள் வந்தாள். என் போத்தலைத்தான் முதலில் நீட்டினேன். தோல் வெள்ளையாக, ஒரு முடி கூட உதிராமல் மிதந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது.

"சேர், பாக்க அழகா இருக்கு. ஆனா போமலின் உள்ள இருக்கிறதையெல்லாம் ஒன்னோட ஒன்னு பிணைச்சுப் போட்டுரும், டிஎன்ஏவும் துண்டு துண்டா ஒடஞ்சிரும். புத்தகத்த சீமெந்துக்குள்ள போட்டு வச்ச மாதிரி. புத்தகம் இருக்கும், வாசிக்க ஏலாது."

வீரம்மா டின்னைத் திறந்தார். கீற்றுகள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்றிருந்தன. சுலக்ஷனா முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இதேதான் வீரம்மாக்கா. நாங்க தேயிலைக்குப் பதிலா ஈரம் உறிஞ்சுற மணி போடுவோம்."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, லயத்தில் இருந்த நாலு நாய்களின் வாயிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டாள். பொறாமையில் வெந்துகொண்டிருந்த நான் சும்மா இருந்தேனா? "ஒரு நல்ல சாதி நாயும் இருக்கட்டும்" என்று ரெக்ஸின் வாயை நானே திறந்து பிடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மருந்துச்சாலைக்கு அவளுடைய அழைப்பு வந்தது. குரல் தயங்கியது. "சேர், உங்க போத்தல்ல ஒன்னும் வரல்ல. வீரம்மாக்காவோட தோல்ல தெளிவா வந்திருக்கு. கறுவல் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெக்ஸ், சேர்."

நம்பமாட்டேன் என்று கத்தியிருக்கலாம். ஆனால் பொழுது சாய்ந்ததும் ஊளையிடுகிறதே என்று சங்கிலியைக் கழற்றிவிடுவது நான்தான். அந்த ஞாயிறு காலை அது மூஞ்சியெல்லாம் சேறாக வந்து நின்றபோது, துடைத்துவிட்டுப் பால் ஊற்றியதும் நான்தான். என் போமலின் போத்தல் மட்டும் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது, கறுவல் பொல்பிட்டியவுக்கு அப்பால் எங்கோ தெருவில் அலைந்துகொண்டிருக்கும்.

அன்று பின்னேரமே கமிட்டியைக் கூட்டி, என் வாயாலேயே சொன்னேன். பொன்னையா என்னைப் பார்த்தார், பிறகு தன் லொறியைப் பார்த்தார். வீரம்மா எழுந்து நின்றார்.

"அந்தத் தீர்மானத்த ஒருக்கா வாசிங்க, டொக்டரய்யா."

வாசித்தேன். 'எவருடையதாயினும்' வந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நாய் நாயோட புத்தியத்தான் காட்டிச்சு. கட்டிப் போட்டு வளக்கட்டும். லொறி வேணாம். அதுவும் ஒரு வீட்டுல சாப்பிட்டு வளந்த சீவன். பொன்னையாண்ணே, ஆடு உங்களோடது, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். பொன்னையா தலையை ஆட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீரம்மா என் கையிலிருந்த தாளை வாங்கி, நாலாக மடித்து, கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, புதுத் தேயிலைக்குள் செருகி, மூடியை இறுக்கி அழுத்தினார்.

"எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். "கெட்டுப் போகாது."