பால் இல்லாத தேத்தண்ணி

சித்தி கொண்டுவந்த நீலப் பெட்டி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, தூசி உறிஞ்சும் ஹூவருக்கும் குடைகளுக்கும் நடுவில் நின்றது. காலையில் அதைத் திறந்து அன்றைக்கு உடுக்க வேண்டியதை எடுப்பார். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைத்து மூடுவார். மேலே அவருக்கென்று ஒதுக்கிய அலமாரியில் அம்மா கொழுவி வைத்த ஹாங்கர்கள் வெறுமையாகவே தொங்கின.

"நிக்கப்போற ஆள் இப்பிடிச் செய்யுமோ?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். "நான் சொல்லுறன், அந்தப் பிள்ளை திரும்பிப் போகப்போகுது. பிறகு தம்பி வந்து கேட்டால் நான் என்ன முகத்தோடை மறுமொழி சொல்லுறது?"

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் லண்டனில், சட்டன் பகுதியில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கப்பலில் இஞ்சினியர். ஹொங்கொங்கில் கப்பல் பழுதுபார்க்க நின்ற காலத்தில் அந்த ஊர்ப் பெண்ணான சித்தியைச் சந்தித்து, அங்கேயே பதிவுக் கந்தோரில் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. படம்தான் தபாலில் வந்தது. அம்மா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவான பிள்ளைதான்" என்று சொன்னார். அந்த 'தான்' சரியாகச் சிரிக்கவில்லை.

பிறகு சித்தப்பா சித்தியைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டார். கப்பலில் ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதுவரை இங்கே நிற்கட்டும், பிடிக்காவிட்டால் தாயிடம் போயிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டாவது வாசகம்தான் அம்மாவின் நித்திரையைக் கெடுத்தது.

அம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சித்தியைப் பிடித்துவைக்கப் பார்த்தார். சமைத்தார். புட்டு, இடியப்பம், சொதி, கணவாய்க் கறி, வெள்ளிக்கிழமையானால் மரக்கறியும் பாயாசமும். சித்தி எதையும் மறுக்கவில்லை. ஒரு பருக்கை, ஒரு கறிவேப்பிலை மிஞ்சாமல் சோற்றுக் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் விருந்தாளியின் கோப்பை வெறுமையாவது சமைத்தவருக்கு அவமானம். ஆகவே அம்மா உடனே இன்னொரு அகப்பை போடுவார். சித்தி அதையும் முடிப்பார். அம்மா மறுபடி போடுவார்.

"பார், எங்கடை சாப்பாடு எவ்வளவு பிடிச்சிருக்கு!" என்றார் அப்பா.

"பிடிச்சால் ஏன் முகம் இப்பிடி வத்திப்போச்சு?" என்றார் அம்மா.

அப்பா ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். அவளுக்கு அவளுடைய ஊர்ச் சாப்பாடு வேண்டும். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வரும்போது ரயில் நிலையத்தடிச் சீன டேக்அவே கடையில் சிவப்புச் சாறு ஊற்றிய கோழி உருண்டைகளும் அன்னாசியும் வாங்கிவந்தார். சித்தி அதைச் சற்று உற்றுப் பார்த்தார். அப்பா அது என்னவென்று சித்திக்கே விளக்கினார். சித்தி அதையும் மிச்சமில்லாமல் முடித்தார். அடுத்த கிழமையும் அதுவே வந்தது. இந்தியக் கடைகள் நிறைந்த சவுத்தாலில் கிடைக்காத பொருள் உலகத்தில் இல்லை என்று நம்பிய அப்பா, அங்கே போய் ஒரு பை நூடில்ஸும் கொண்டுவந்தார். அம்மா அதற்கு வறுத்த மிளகாய்த்தூள் போட்டு, கறிவேப்பிலை தாளித்து, 'சைனீஸ்' செய்தார். சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஊர் நினைவு வந்துவிட்டது என்று அம்மா இரங்கி, இன்னும் கொஞ்சம் போட்டார்.

இப்போது எனக்கு வேலையே மென்பொருளில் பிழை தேடுவது. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாக வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி பாத்ரூமில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் தெரியும். அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் சித்தியோடு ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

வேண்டாமென்றால் ஏன் எல்லாவற்றையும் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தபடி விளக்கினார். கோப்பையில் பெண் பிள்ளை மிச்சம் வைக்கும் ஒவ்வொரு பருக்கைக்கும் ஒரு தழும்பு, அவளைக் கட்டப்போகிறவனின் முகத்தில் விழுமாம். சின்ன வயதிலேயே தாய் அப்படிச் சொல்லி வளர்த்தாராம்.

சித்தப்பாவின் முகத்தில் நிறைய அம்மைத் தழும்புகள் இருந்தன. நான் அதைச் சொன்னேன்.

"ஓ, அது நான்தான்," என்றார் சித்தி. "சின்ன வயதில் நான் சரியான குழப்படி."

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

போதுமென்றால் எங்கள் வீட்டில் கோப்பைக்கு மேலே கையை விரித்துக் குறுக்கே பிடிக்க வேண்டும், வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். அவர் எழுந்து நின்று இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தார்.

அன்றிரவு அம்மா அகப்பையோடு வந்தபோது சித்தியின் கை சட்டென்று குறுக்கே விழுந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ? உறைப்புக் கூடிப்போச்சோ?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வாந்தி உட்பட. அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். ஏச்சு விழப்போகிறதென்று நான் காத்திருந்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் அந்தப் பிள்ளையை வதைச்சிருக்கிறன்," என்றார் அம்மா. பிறகு என்னிடம், "அவளின்ரை சாப்பாடு, உண்மையான சாப்பாடு, லண்டனிலை எங்கை இருக்குதெண்டு கேள். எங்கை எண்டாலும் போவம்."

சித்திக்கு இடம் தெரியாது, ஆனால் பார்த்தால் தெரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் விக்டோரியாவுக்கு ரயில் ஏறினோம். ரயிலில் சித்தி என் பக்கத்தில் இருந்து, அப்பாவை முறைப்படி என்னவென்று கூப்பிடவேண்டும், அம்மாவை என்னவென்று என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை அவர்களைக் கூப்பிடவேண்டி வந்தால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். 'அத்தான்', 'அக்கா' என்று சொல்லிக்கொடுத்தேன். கிளாபம் ஸ்டேஷன் தாண்டும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நேரம் போவதற்காகத்தான் என்று நினைத்தேன்.

சோஹோவில் சீனக் கடைகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்ததும் சித்தியின் நடை மாறியது. வாத்துகள் தொங்கிய கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "இதுதான், வாங்கோ," என்று அப்பா வாசலில் கால் வைத்தார். சித்தி உள்ளே எட்டிப் பார்த்து, இல்லையென்று தலையாட்டிவிட்டு நடந்தார். அடுத்த கடை. அதுவும் இல்லை. அவர் பார்ப்பதை நான் பார்க்கத் தொடங்கினேன். பெயர்ப்பலகையை அவர் கவனிக்கவே இல்லை. தனியாக இருந்து பேப்பர் வாசிக்கும் கிழவர் யாரும் உண்டா? சுவரில் வெறும் சீன எழுத்தில் மட்டும் எழுதி ஒட்டிய தாள் உண்டா? குடும்பங்கள் சத்தமாகப் பேசுகின்றனவா? இவை மூன்றும் இல்லாத இடத்தில் அவர் கால் நிற்கவில்லை.

"எல்லாம் ஒண்டுதானே, பசிக்குது," என்று அப்பா முணுமுணுத்தார்.

"நீங்கள் ஒருநாள் பசி கிடக்கலாம். அவள் எத்தினை நாள் கிடந்தவள்?" என்றார் அம்மா.

ஒரு பக்கத் தெருவில், கீழே இறங்கும் படிகளின் முன்னால் சித்தி நின்றார். உள்ளே இருந்து பீங்கான் மோதும் ஓசையும் நூறு பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் ஓசையும் மேலே வந்தன. அவர் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

மேசையில் போய் இருந்ததுமே, பலகாரத் தள்ளுவண்டியைத் தள்ளிவந்த பெண்ணோடு சித்தி சத்தம் போடத் தொடங்கினார். அந்தப் பெண்ணும் விடவில்லை. இத்தனை வாரமாகக் குரல் எழுப்பாத சித்தி விரலை நீட்டி, தலையை ஆட்டி, வண்டியின் மூடிகளைத் தானே திறந்து பார்த்தார்.

"எழும்புங்கோ, போவம்," என்றார் அப்பா தாழ்ந்த குரலில். "சண்டை பிடிக்கினம்."

என்ன பிரச்சினை என்று கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை, முள்ளங்கிப் பலகாரம் இன்று செய்ததா என்று விசாரித்ததாகச் சித்தி சொன்னார். அவருடைய கன்னம் சிவந்திருந்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தட்டுகளை இறக்கினார்.

மூங்கில் கூடைகளைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "இது எங்கடை நீத்துப்பெட்டி மாதிரியெல்லோ கிடக்கு!" என்று மூடியைத் தூக்கினார். புட்டு அவிக்கும் பனையோலைப் பெட்டி அவருக்கு ஆவியோடு கண்முன் வந்திருக்க வேண்டும். உள்ளே கண்ணாடி போன்ற மாவுக்குள் இறால் கொழுக்கட்டை. அம்மா ஒன்றை வாயில் போட்டு, மென்று, "உப்பு அளவாக் கிடக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. கஞ்சி வந்தது. கோழிக்கால் நகத்தோடு வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், அப்பா இரண்டாவதையும் எடுத்தார். சித்தி அவசரமில்லாமல் சாப்பிட்டார். அம்மா பழக்கத்தில் ஒரு கொழுக்கட்டையைத் தூக்கி அவருடைய கோப்பைக்கு நீட்டினார். சித்தி கையைக் குறுக்கே வைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு சித்தி புதிதாக மூக்கு வைத்த பீங்கான் போச்சி நிறையத் தேத்தண்ணி வரவழைத்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி எழுந்து நின்று, மேசையைச் சுற்றி வந்து, இரண்டு கைகளாலும் அப்பாவுக்கு நீட்டினார்.

"அத்தான்," என்றார்.

அப்பாவுக்குத் தாகம். ஒரே மடக்கில் குடித்தார். சித்தி அடுத்த கிண்ணத்தை ஊற்றி அம்மாவின் முன்னால் நின்றார்.

"அக்கா."

எங்களுக்குள் எதையும் முதல் தரம் நீட்டியதும் வாங்குவது மரியாதையில்லை. அதோடு அம்மா பால் இல்லாத தேத்தண்ணியை வாயில் வைக்கமாட்டார். "ஐயோ, எனக்கு வேண்டாம். நீர் குடியும் பிள்ளை," என்றார்.

சித்தி கிண்ணத்தை இறக்கவில்லை. ஆனால் முகத்தில் இருந்த நிறம் இறங்கிப்போனது. வண்டிக்காரப் பெண் வண்டியைத் தள்ளாமல் எங்கள் மேசையருகே நின்றுவிட்டார். கிண்ணம் பிடித்த இரண்டு கைகளும் நீட்டியபடியே இருந்தன. அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"சரி, தாரும்," என்று இரண்டு கைகளாலும் வாங்கினார். ஒரு மிடறு. முகம் சுளித்தது. மிச்சம் வைக்கக் கூடாதென்பது நினைவுக்கு வந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தார். குடித்துவிட்டு, வெறுங் கிண்ணத்தைச் சரித்துச் சித்திக்குக் காட்டினார்.

சித்தி அழுதார். தேத்தண்ணி கைச்சதுக்கு நானெல்லோ அழவேணும் என்று அம்மா பகிடி விட்டபடி சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தார். வண்டிக்காரப் பெண் எள்ளு உருண்டைக் கூடை ஒன்றை எங்கள் நடுவில் வைத்தார்.

"இது நாங்கள் கேட்கேல்லையே," என்றார் அப்பா.

அது அந்தப் பெண் எங்களுக்குச் சும்மா தந்தது என்று சித்தி சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாடிப்படிக்குக் கீழே ஹூவரும் குடைகளும் மட்டும் இருந்தன. பதறிக்கொண்டு மேலே ஓடினேன். அலமாரி நிறைய உடுப்புகள். வெறும் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கீழே அம்மா, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

பல வருடங்களுக்குப் பின் என்னோடு வேலை செய்த சீனப் பெண்ணின் கல்யாணத்தில், மணப்பெண் மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராக முறை சொல்லி அழைத்து, இரண்டு கைகளாலும் தேத்தண்ணி கொடுத்ததைப் பார்த்தேன். அவர்கள் வாங்கிக் குடித்தபிறகே அவள் அந்த வீட்டுப் பெண் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான் கையில் இருந்த கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும் ரயிலில், அன்று சாப்பிட்டவற்றை விரல்விட்டு ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கொழுக்கட்டை, முள்ளங்கிப் பலகாரம், கஞ்சி, கோழிக்கால், எள்ளு உருண்டை. அம்மாவும் சித்தியும் எதிரே தோளோடு தோள் சாய்ந்து நித்திரையாகியிருந்தார்கள். தேத்தண்ணியை நான் சேர்க்கவில்லை. அது சாப்பாடு இல்லைத்தானே.