கடைசி வண்டி வரும்வரை

மாப்பிள்ளை விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, மழை தண்ணி பற்றிப் பேசி, மெதுவாகப் பேச்சை அந்த வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். டீக்கடையில் தெரியாதது சலூனில் தெரியும். சலூனுக்கும் தெரியாதது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நானும் புளியங்குடிக்குப் போய் மூன்று இடத்திலும் கேட்டேன். மூன்று இடத்திலும் "தங்கமான பையன்" என்றார்கள். எனக்கு அங்கேயே இடித்தது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன் நான். மூட்டையை அவிழ்க்கும் முன்பே "ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது அண்ணாச்சி" என்று எவன் சொல்கிறானோ, அவன் மூட்டைக்குள்தான் முதலில் கையை விடுவேன். எடை ஏற்றத் தெளித்த தண்ணீர் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். இத்தனை வருஷத்தில் பெரும்பாலும் தப்பியதில்லை.

ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அங்கே பழக்கமான பையன் இவன். மெக்கானிக்கல் படித்து, கம்பெனியில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு, பைக்கில் ஆட்களை மலை மலையாகக் கூட்டிக்கொண்டு திரிகிறான். அதற்குச் சம்பளமும் உண்டாம். நம்ம ஆட்களும் இல்லை. அதைச் சொல்லி மறுக்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் மார்க்கெட்டில் ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசுகிறவன் நான்தான். ஆகவே வேறு ஏதாவது குறை வேண்டியிருந்தது. குடிக்கிறான், பொய் சொல்கிறான், கோபக்காரன், எதுவாக இருந்தாலும் சரி.

"நான் விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் பேச்சை எங்கிட்ட எடுக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவளும் எடுக்கவில்லை. தினமும் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, கடையில் கூட்டமா, அம்மா மாத்திரை போட்டாங்களா என்று கேட்பாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். வைத்துவிடுவாள்.

முகூர்த்தம் இல்லாத நாட்கள், கடை ஓய்ந்து கிடந்தது. வழிகாட்டியோடு நாலு நாள் மலைப் பயணம், வண்டி அவர்களே தருவார்கள் என்று அவன் வேலை பார்க்கும் கூட்டத்தின் விளம்பரம் போனில் வந்தது. தென்காசியில் கிளம்பி, தென்மலை, வாகமண், மூணாறு போய், போடிமெட்டு வழியாக இறங்குவது. ஊர் ராஜபாளையம் என்று மாற்றிச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் பணம் கட்டிவிட்டேன். மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

"மாப்பிள்ளை பாக்கப் போறவுக அவன் வீட்டுக்குப் போவாக. நீங்க மலைக்குப் போறியளா?" என்று கேட்டாள்.

"வீட்ல எல்லாவனும் நல்லவன்தான். நாலு நாள் வெளிய வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

தென்காசியில் காலையில் தலைமை வழிகாட்டி எல்லோருடைய லைசென்ஸையும் வாங்கிப் பார்த்தார். மதுரைக்காரர், கனத்த உடம்பு, ஆரஞ்சுச் சட்டை. "ஊர் ராஜபாளையம்னு சொன்னீங்க, இதுல சங்கரன்கோவில்னு போட்டிருக்கே?" என்றார். அது பழைய விலாசம் என்று புளுகினேன். பக்கத்தில் பச்சைச் சட்டையில் அவன், போட்டோவில் பார்த்த அதே முகம், நின்றுகொண்டிருந்தான். லைசென்ஸை வாங்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி என் ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிசெய்தான். அதிவிநயம் தூர்த்த லட்சணம், ரொம்பப் பணிகிறவன் வஞ்சகன் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு மதுரைக்காரர் விதிமுறை சொன்னார். அவர் முன்னால் போவார். பச்சைச் சட்டைப் பையன் எப்போதும் எல்லோருக்கும் கடைசியில் வருவான். பாதை பிரிகிற இடம் வந்தால், அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். கடைசி வண்டி வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டும்வரை அந்த ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்த விலக்கில் வேறு ஒருவர் நிற்பார். "எவன் கூப்பிட்டாலும் போகாதீங்க. கடைசி வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது" என்றார்.

எனக்குத் தலையில் கை வைக்கத்தான் தோன்றியது. யாரைக் கண்காணிக்க வந்தேனோ அவன் நாள் முழுக்க எனக்குப் பின்னால்! செங்கோட்டை தாண்டியதும் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கினேன். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். அவன் கடக்கவில்லை. நான் இன்னும் மெதுவாகப் போனேன். அவனும் மெதுவாக வந்தான். கடைசியில் சைக்கிள்காரர் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனார். "வண்டில ஏதும் கோளாறா அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து கேட்டான். இல்லை, காற்று வாங்குகிறேன் என்றேன்.

தேக்குக் காடு, ரப்பர்த் தோட்டம், குட்டிக்கானத்துத் தேயிலைச் சரிவு, வாகமண் புல்மேடு எல்லாம் அழகு என்று கூட வந்தவர்கள் வாய் ஓயாமல் சொன்னார்கள். நான் அதையெல்லாம் பெரும்பாலும் கண்ணாடியில்தான் பார்த்தேன். நடுவில் அவன் முகப்பு விளக்கு இருந்தது.

சாயங்காலங்களில் என் வேலை மும்முரமாக நடந்தது. மற்றவர்கள் பாட்டிலைத் திறந்தபோது அவன் எழுந்து போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். குடிக்காதவனா, ஆள் பார்த்துக் குடிக்காதவனா? அவன் தம்ளரைக் கழுவுகிற சாக்கில் எடுத்து மோந்துகூடப் பார்த்தேன். சுக்குக் காப்பி. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஒருநாள் ஒதுங்கி நின்று சிரித்துச் சிரித்துப் போன் பேசினான். உடனே நான் மகளுக்குப் போட்டேன். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது. கூட வந்தவர்களைக் கவனிக்காமல் அவளோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான், பிடித்துவிட்டேன் என்று மனைவிக்குப் போட்டேன். அவளும் வேறொரு அழைப்பில் இருந்தாள். அம்மாவும் மகளும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவன் யாரோ மெக்கானிக்கிடம் பிரேக் ஒயர் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூணாறில் நேராகவே தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"பேசிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. பொண்ணோட அப்பா யோசிக்காரு."

"ஏன், அந்தாளுக்கு என்னவாம்?"

"ஒரே மக. யோசிக்கத்தானே செய்வாரு."

"கொஞ்சம் வில்லங்கம் பிடிச்ச ஆளோ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படிக் கேள்விப்பட்டதில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மறுநாள் போடிமெட்டுக்குப் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு ஏலத்தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பெயர்ப்பலகை இல்லாத ஒரு விலக்கு வந்தது. நான்தான் இரண்டாவது. மதுரைக்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இடது பக்கம் கையைக் காட்டினேன். எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே வண்டியில் வந்த சென்னைத் தம்பதியும் அவர்களுக்குப் பின்னால் அவனும்தான் பாக்கி.

வரவில்லை. மூடுபனி இறங்கி எதிர்ச் சரிவை மறைத்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். மாட்டினாயா மகனே என்று இருந்தது. கூட வந்த மனுஷனை நடுக்காட்டில் மறந்துவிட்டு எங்கேயோ நின்று பேசிக்கொண்டிருக்கிறான். இவனா என் மகளைக் காலம் பூராவும் வைத்துக் காப்பாற்றப் போகிறான்? மகளிடம் சொல்ல வேண்டிய வசனத்தை ஏறக்குறைய எழுதியே முடித்துவிட்டேன். 'நான் வேண்டாம்னு சொல்லல தாயி, நடந்ததைச் சொல்லுதேன், நீயே முடிவு பண்ணு' என்று நல்லவனாக ஆரம்பிப்பதாக இருந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வசனத்தை மூன்று தரம் திருத்தியாயிற்று. ஏலக்காய் பறிக்க வந்த பெண்களை ஏற்றிக்கொண்டு, நாங்கள் வந்த வழியிலிருந்தே ஒரு ஜீப் இறங்கி வந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, தனியா நிக்கிறீக?"

"பின்னால ரெண்டு வண்டி வரணும்."

"மேல வளைவுல ஒண்ணு சரிஞ்சு கெடக்கே. ஒரு பொம்பளப் புள்ளைக்கு அடி. பச்சச் சட்டைப் பையன் ஒருத்தன், கையெல்லாம் ரத்தம். எங்க ஆளுக இன்னொரு ஜீப்ப அங்க நிறுத்திருக்காக."

என் வசனம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பையனுக்கு எங்க அடி? தலையிலயா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. டிரைவருக்குத் தெரியவில்லை. "ஏறிக்கங்கண்ணே, ஆனை நடமாடுற எடம். இருட்டிக்கிட்டு வேற வருது. பொறவு வண்டிய எடுத்துக்கலாம்" என்றார். ஜீப்பிலிருந்த பெண்களும் ஏறச் சொன்னார்கள்.

ஏறவில்லை. விதிமுறைக்காக இல்லை. நான் இங்கே நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். கையில் ரத்தமோ காலில் ரத்தமோ, என்னை இங்கே விட்டுவிட்டு அவன் போகமாட்டான். வந்து பார்த்து நான் இல்லையென்றால், அந்த நிலைமையிலும் காட்டுக்குள் என்னைத் தேடிக்கொண்டு அலைவான். இது எனக்கு எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டேன். கடையில் எனக்காக இருபது வருஷமாகத் தராசு பிடிக்கிறவரைப் பற்றிக்கூட நான் இவ்வளவு உறுதியாக எதையும் நினைத்ததில்லை. "நீங்க போங்க, அவன் வந்துருவான்" என்று டிரைவரை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு செடிக்குள் ஒவ்வொரு சலசலப்புக்கும் யானையை நினைத்துப் பயந்தேன். யானையை விட அதிகமாக அவன் தலையை நினைத்துப் பயந்தேன்.

ஒருவழியாக ஒற்றை முகப்பு விளக்கு வந்தது. அவன்தான். வலது கையில் கைக்குட்டை சுற்றி, அது நனைந்து கறுத்திருந்தது. முட்டி வரை சேறு. தலை நன்றாக இருந்தது. நிறுத்தி, சிரிக்க முயற்சி செய்து, கட்டை விரலைத் தூக்கினான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"ஏலே, எங்கலே போய்த் தொலைஞ்ச? மனுசன் இங்க உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு நிக்கேன், வெரலையா காட்டுத வெரலை? அந்தக் கையைக் காட்டுலே மொதல்ல!"

அவன் கையை நீட்டினான். உள்ளங்கை கிழிந்திருந்தது. சரிந்த வண்டிக்கு அடியிலிருந்து அந்தப் பெண்ணை இழுத்தபோது தகரம் கிழித்ததாம். அவளையும் புருஷனையும் ஜீப்பில் ஏற்றி, வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறான். "நீயும் அதுலயே போக வேண்டியதுதானலே?" என்றேன்.

"நீங்க நிக்கியளே மாமா."

மாமா! என் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எப்பத்துல இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"தென்காசியில லைசென்ஸ் பாத்தப்பவே. ஒங்க போட்டோ அவ போன்ல பாத்திருக்கேன்."

"அவகிட்டச் சொன்னியா?"

"சொல்லல. பாக்கத்தான வந்திருக்கிய. நல்லாப் பாத்துட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

உடனே என் புத்தி வேலை செய்தது. அப்படியானால் சுக்குக் காப்பி, கடைசியில் சாப்பிட்டது, இரண்டு கையால் லைசென்ஸ் தந்தது எல்லாமே எனக்காக நடித்ததாக இருக்கலாமே? இருக்கலாம். இன்றைக்கும் அந்தச் சுக்குக் காப்பியில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் உள்ளங்கை ஆழமாகக் கிழிந்திருந்தது. கட்டை இறுக்கியபோது வலியில் பல்லைக் கடித்தான்.

போடிமெட்டில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். எனக்கு அழைத்துப் பார்த்துக் கிடைக்காமல், அவசரத்துக்கு நான் கொடுத்திருந்த வீட்டு எண்ணில் மதுரைக்காரர் பேசிவிட்டாராம். எந்தப் பயணம், கூட யார் என்பதெல்லாம் மனைவி மூலமாக மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்னல் வந்ததும் அவளுடைய அழைப்புதான் முதலில் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே? எங்கயும் விழலியே? இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன், விழவில்லை, காற்றுதான் குளிராக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். அடுத்ததாகக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, நான் கல்லு மாதிரி நிக்கேன். கை கிழிஞ்சு நிக்கது அவன். அவன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? என்ன பிள்ளை நீ?"

அந்தப் பக்கம் அழுகை நின்றுவிட்டது.

"கேக்கலாமாப்பா?" என்றாள்.

சுவரோரமாக உட்கார்ந்து இடது கையால் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவனிடம் போய்ப் போனை நீட்டினேன். "இந்தா, நீயே சொல்லு" என்று கொடுத்துவிட்டு, அவன் டீயை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.