அக்கா சொன்ன ஹன்னாவின் கதை

சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் புகையோடு சேர்ந்து வரும் அந்தக் கருகிய இனிப்பு வாடை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட ஏறிவிடும்; தலையணையில், பள்ளிக்கூடப் பையில், ஈரத் துணியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, பங்குனி முடியும்வரை போகாது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு, அந்த வாடைக்குள் நடந்தபடிதான், நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு நாவலின் கதையை என் அக்கா சுமதியின் வாயால் கேட்டேன்.

அக்கா கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாவல் அவளுக்குப் பாடம். செங்கல் பருமனில் இருந்த அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பேருந்திலிருந்து இறங்கும்போது நான் நிறுத்தத்தில் காத்திருப்பேன். அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டுச் சாலை ஓரமாக, வரிசையில் நிற்கும் கரும்பு வண்டிகளையும் டிராக்டர்களையும் கடந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. அந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் எங்கள் அப்பாவின் மாட்டு வண்டியும் நிற்கும். அந்த இருபது நிமிடம் முழுக்கக் கதைதான்.

ஹன்னா ஒரு பள்ளி ஆசிரியரின் மகள். தாய் இல்லை. தந்தைக்குக் கண்பார்வை போய்விட்டது. ஊரில் நூற்பாலை வைத்திருக்கும், மனைவியை இழந்த ஒரு பெரிய மனிதர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். சரி என்றால் தந்தைக்கு மெத்தை, குளிர்காயக் கணப்பு, வேலைக்காரர்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் பேசும்போது தன் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்க்கிறார் என்பதற்காக ஹன்னா மறுத்துவிடுகிறாள். அடுத்து, அவளுக்குப் பிடித்த ஒருவனே வருகிறான். கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகிறேன், கூட வா என்கிறான். தந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவனையும் அனுப்பிவிடுகிறாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்து, சாலை என்றும் பாராமல் கத்தியது நினைவிருக்கிறது.

"லூசாக்கா அவ? புடிச்சவன் வந்து கூப்புட்றான், போவ மாட்டேன்றாளே."

"அப்பா கண்ணு தெரியாதவருடி. யாரு பாத்துக்குவாங்க?"

"யாராவது பாத்துக்குவாங்க. அதுக்குன்னு இவளே ஏன் வூட்லயே கெடக்கணும்?"

அக்கா சிரித்தாள். வண்டியோட்டிகள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய சோதனை. தொலைவில் ஒரு கடற்கரை ஊரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை, தங்குமிடம் அங்கேயே, அவளுடைய படிப்பைக் கேள்விப்பட்டு அவர்களே கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா கதையை அங்கே நிறுத்தினாள். நாலு நாள், ஐந்து நாள், ஒரு வாரம் ஆகியும் நகரவில்லை. "இன்னாக்கா, போனாளா இல்லியா?" என்று தினமும் நச்சரித்தேன். "யோசிச்சிக்கினு இருக்கா" என்பாள். போகச் சொல், போகச் சொல் என்று, ஏதோ ஹன்னா அக்காவின் பைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல, நான் சொல்லாத நாளில்லை.

அந்த மாசியில் அம்மா விழுந்தாள். மாட்டுக்குக் கரும்புத் தோகை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவரும்போது வாய்க்கால் வரப்பில் கால் வழுக்கி, சுமையோடு கீழே போய், இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாள். பிறகு வீட்டில், கூடத்துக் கட்டிலில். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். அப்பா விடியுமுன்னே வண்டி கட்டிக்கொண்டு போனால் ஆலை வரிசையில் காத்துக் கிடந்து எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அக்கா கல்லூரிக்குப் பாதி நாள் போய், மீதி நாள் அம்மாவோடு இருந்து, எப்படியோ கடைசிப் பரீட்சையையும் எழுதி முடித்தாள். பள்ளி விடுமுறையில் நானும் கூட இருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இஸ்கூலு தொறந்துட்டா ரெண்டு பேர்ல ஒருத்தி வூட்ல இருந்தாத்தான் ஆவும். வேற வழி எனக்குத் தெரியல." யார் என்று அவர் சொல்லவில்லை. அக்காவின் படிப்பு முடிந்துவிட்டதே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் சோற்றை அள்ளினேன்.

வைகாசிக் கடைசியில், கிணற்று மேட்டில் அம்மாவின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே அக்கா ஆரம்பித்தாள்.

"ஹன்னா போயிட்டாடி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்கா? கடலு இருக்கிற ஊருக்கா?"

"ஆமா. அழுதுக்கினேதான் போனா. ஆனா போயிட்டா."

"அப்ப அவ அப்பா?"

அக்கா ஒரு புடவையை முறுக்கிப் பிழிந்தாள். நீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தங்கச்சி ஒருத்தி இருந்தா. அவ பாத்துக்கினா."

"தங்கச்சியா? இத்தினி நாளு சொல்லவே இல்லியே?"

"சின்னப் பொண்ணு. கதைல ஜாஸ்தி வரமாட்டா."

அந்தத் தங்கையைப் பற்றி நான் அதற்குமேல் கேட்கவில்லை. ஹன்னா போய்விட்டாள், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அக்காவுக்குக் கடலூரில் பி.எட். இடம் கிடைத்திருப்பதும், அந்தக் கடிதம் மூன்று நாளாகப் பரணில் அவளுடைய தகரப் பெட்டிக்குள் இருப்பதும் அடுத்த நாள் அப்பாவிடம் அவள் பேசியபோதுதான் எனக்குத் தெரியவந்தது. "இந்த வருஷம் வுட்டா இந்த எடம் திரும்பக் கெடைக்காதுப்பா. அவ பத்தாவத அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள். அப்பா, "சரி, போய்ட்டு வா" என்றார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதமாகக் கத்திக் கத்திச் சொன்னது நான்தானே, எந்த முகத்தோடு இப்போது மாற்றிச் சொல்வேன்?

பள்ளி திறந்த வாரத்தில் அக்கா கடலூர் போனாள். என் சிநேகிதிகள் நீலத் தாவணியில் பேருந்து நிறுத்தத்துக்குப் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, நான் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றினேன். ஒரு வருடம் என்றார்கள், இரண்டாயிற்று. அம்மா கோலூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். கணக்கில் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் முப்பத்தெட்டு மதிப்பெண்ணோடு தேறினேன். அந்த மதிப்பெண் தாளை இரண்டாக மடித்து வைத்தவள்தான், அதன் பிறகு கணக்குப் பக்கம் போகவில்லை. அக்கா விடுமுறையில் வரும்போது எனக்கு வளையலும் பேனாவும் வாங்கிவருவாள். வாங்கிக்கொள்வேன். கதை மட்டும் கேட்கமாட்டேன்.

பிறகு எல்லாம் ஏதோ ஒரு விதமாக நடந்தது. அக்காவுக்குக் கல்வராயன் மலையில் அரசுப் பள்ளி வேலை கிடைத்தது; அங்கே வெள்ளிமலை என்ற ஊரிலேயே தங்கிவிட்டாள். நான் அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கி, உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்தேன்.

அப்பா முன்னமே போய்விட்டார்; போன வருடம் அம்மாவும் இறந்தாள். வீட்டை ஒழிக்கும்போது பரணில் அந்தத் தகரப் பெட்டி கிடைத்தது. அதற்குள் அந்தப் புத்தகம். உளுந்தூர்பேட்டைக்கு எடுத்துவந்து, ஆபீஸ் மதிய இடைவேளைகளில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது நாளுக்குமேல் படித்தேன். நூற்பாலைக்காரர் இருந்தார். கப்பலேறியவன் இருந்தான். பள்ளி வேலையும் இருந்தது. ஆனால் அது கடற்கரை ஊர் இல்லை, புகை சூழ்ந்த ஒரு நகரம். ஹன்னா அங்கே போகவும் இல்லை. மறுத்துக் கடிதம் எழுதிவிட்டு, தந்தைக்குப் பக்கத்திலேயே பதினொரு வருடம் இருக்கிறாள். அவளுக்குத் தங்கை கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, ஒரு வரியில்கூடக் கிடையாது. அவள் மறுத்து எழுதும் பக்கத்தின் ஓரத்தில் அக்காவின் பென்சில் எழுத்து: "ஏண்டி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கள்ளக்குறிச்சி போய் மலைப் பேருந்து ஏறினேன். வளைவுக்கு வளைவு, கேட்க வேண்டியதை மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். அக்கா வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதைல தங்கச்சியே இல்லியேக்கா."

முறத்தைக் கீழே வைத்தாள். எந்தக் கதை என்று அவள் கேட்கவில்லை.

"இல்லதான்."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"அவ போவாம இருந்துட்டான்னு எனக்கே தாங்கல. நீ வேற தெனமும் போவச் சொல்லு, போவச் சொல்லுன்னு கத்திக்கினு இருந்த."

"நான் கத்துனது ஹன்னாவுக்கு. உனக்குப் போவணும்னா என்னை நேரா கேட்டிருக்கலாம்ல? அப்பவே பதினாலு வயசு ஆயிடுச்சி எனக்கு. கேட்டா புரியாதா?"

"கேட்டிருக்கலாம்." மடியில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள். "கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் இருந்துட்டிருப்பேன். அதுக்குப் பயந்துதான் கேக்கல."

திட்டுவதற்கென்று நான் கொண்டுபோன அத்தனை சொற்களும் அந்தப் பதிலின் முன்னால் உபயோகமில்லாமல் நின்றன. அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். நியாயம் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் எழுந்து போய்ச் சோறு போட்டாள். பசியில் அதையும் சாப்பிட்டேன் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. மாலைப் பேருந்தில் அவள் என்னை ஏற்றிவிட்டபோது, "அடுத்த மாசம் வரியா?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றேன்.

இப்போது எங்கள் வீடு வேறு யாருடையதோ. ஆலைச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். நாங்கள் நடந்த ஓரம் தாருக்கு அடியில் போய்விட்டது. மாட்டு வண்டிகள் அருகிவிட்டன. இதற்கெல்லாம் நான் வருந்தவில்லை. அந்த இரண்டு வருடங்களைத்தான் எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அக்காவிடம் பள்ளிக்கூடம் இருக்கிறது, அவளிடம் படித்து மலையிறங்கி வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் போனது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

அன்று கிணற்று மேட்டில், கதை எதுவும் சொல்லாமல், "நான் போவட்டுமாடி? நீ இருந்துக்கிறியா?" என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.