துணி அடைத்த தூண்

பிழைப்புக்காக எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். புதிய ஊரில் பெரிய தூணைக் கண்டால் விரல் மடக்கித் தட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நான் ஆறாவது படித்தபோது, பொங்கலூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் புது முகப்பு கட்டினார்கள். கொத்தனார் என் தாய்மாமன். இத்தாலியில் படித்து வந்த பங்குத்தந்தை, அங்கே ஐந்நூறு வருடங்களுக்கு முன் கட்டிய கோயில் ஒன்றின் படத்தைக் காட்டினார். சுவரை ஒட்டி நான்கு உருண்டைத் தூண்கள், உச்சியில் இலைக்கொத்து, மேலே முக்கோணம். ரோமாபுரியின் பழைய சாமி கோயில்களைப் பார்த்துச் செய்தது என்றார்.

"நாங்க முனியப்பன் கோயில் தூணைக் கொண்டாந்து வெச்சா உடுவீங்களா சாமி?" என்றார் மாமா.

"அந்தச் சாமிகளக் கும்பிட இப்ப ஆளில்லையேப்பா" என்று பங்குத்தந்தை சிரித்தார்.

பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் மாமா வேஸ்ட் துணி கேட்டார். அப்பா மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். எதற்கென்று கேட்கவில்லை. படுதா மறைவில் வேலை நடந்தது. பிரித்தபோது தூண்கள் யானைக்கால் போல நின்றன.

கோயில் மணியை முகப்பின் உச்சிக்கு ஏற்றும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஓர் ஆள் கயிறு இழுத்தார்கள். மாமா மேலே கப்பியருகில் இருந்தார். பாதி உயரத்தில் எல்லோருக்கும் கை ஓய்ந்தது.

"கயித்தத் தூணுல ஒரு சுத்து சுத்தி நிறுத்துங்க. இதுக்கு மேல கெட்டி என்ன இருக்குது?" என்று அப்பாவே சுற்றினார்.

மேலிருந்து மாமா கத்தியது யாருக்கும் விளங்கவில்லை. மணியின் பாரம் இழுக்க, தூண் பிளந்து அப்பாவின் மேல் சரிந்தது. கம்பிவலையும் சிமெண்டுப் பூச்சும்தான் தூண். உள்ளிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பனியன் துண்டுகள் கொட்டின. துணியை விலக்கி விலக்கித்தான் அப்பாவை எடுத்தார்கள். உயிர் இல்லை.

"தூணே போயும் கூரை நிக்குது பாருங்க. மாதா புதுமை பண்ணீட்டா" என்றார் ஒருவர். அற்புதம் என்று பலர் முழங்காலிட்டார்கள். நானும் இட்டேன்.

மாமா துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"கூரையப் புடிச்ச மாதா அப்பாவ ஏனுங்க மாமா புடிக்கல?"

அவர் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்காக அழுகிறார் என்று நினைத்தேன். அந்தத் தூண் கட்டிய நாளிலிருந்தே எதையும் தாங்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அங்கே அது தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.