மூன்று பாயிண்ட் குறைத்தவன் மலையேறிய நாள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். என் அண்ணன் யோசேப்பு, அண்ணி மேரி, என் மனைவி லில்லி, நான். வீட்டுக்காரர்களாக என் தங்கை ரூத், அவள் கணவர் செல்லமுத்து, அவர்கள் மகள் ஜெனி. பக்கத்துக் காட்டுக்காரர் பெரியண்ணனும் அவர் மனைவியும். எழுதிய பிறகு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், யாரும் விட்டுப்போகவில்லை. ஏழாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான். எதை எண்ணினாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம் அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை.

காலை 6.20க்கு ராசிபுரத்தில் பஸ் ஏறினோம், லில்லியும் நானும். டிக்கெட் ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். அண்ணனும் அண்ணியும் முந்தின நாளே போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் குடும்பம் கூடி ஜெபம் செய்து, சேர்ந்து சாப்பிடும். எப்போதும் அண்ணன் வீட்டில்தான். ரூத் கொல்லிமலைக்காரரைக் கட்டிக்கொண்டு பதினான்கு வருஷம் ஆகிறது. அவள் கீழே வருவாளே தவிர, நாங்கள் யாரும் மேலே போனதில்லை. போன வருஷம் செல்லமுத்து ஞானஸ்நானம் எடுத்தார். இந்த வருஷம் எங்க ஊட்லதான் என்று ரூத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

7.35க்குக் காரவள்ளி. அங்கிருந்து மலைப்பாதை, எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, நீங்க எண்ணலைன்னாலும் அது எழுபதுதானுங்க” என்றார். பின் சீட்டில் சிரித்தார்கள். லில்லி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். முப்பதாவது வளைவுக்கு மேல் காற்று குளிர்ந்தது. கீழே சித்திரை வெயிலில் கருகிக் கிடந்த ஊரெல்லாம் புகைக்குள் போய்விட்டது.

எதற்குப் பயந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ பேக்டரியில் கேட் வேலை பார்க்கிறேன். லாரியில் வரும் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், கொஞ்சம் எடுத்து, முதலில் சும்மா எடைபோட்டு, பிறகு கூடையோடு தண்ணீருக்குள் விட்டு எடைபோட வேண்டும். அதில் மாவு எத்தனை பாயிண்ட் என்று தெரியும். விலை அந்தப் பாயிண்டுக்குத்தான். மலைக் கிழங்கென்றால் மண் இருக்கும் என்று சொல்லி இரண்டு பாயிண்ட் குறைத்து எழுதுவது அங்கே வழக்கம். எழுதுகிற கை என்னுடையது.

தை மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்ற லாரியிலிருந்து செல்லமுத்து இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று யாராவது சொன்னால் வேலை போய்விடுமே என்று. கணக்கப்பிள்ளை வேறு, தெரிஞ்ச ஆளா என்று கேட்டார். “இல்லீங்க, மலைக்காரங்க யாரோ” என்றேன். தராசு இருபத்தெட்டு காட்டியது. யாரும் சந்தேகப்படக் கூடாது என்று, மற்றவர்களுக்குக் குறைக்கிற இரண்டோடு இன்னும் ஒன்று குறைத்து, இருபத்தைந்து என்று எழுதினேன். ஒன்பது டன் லோடு. எனக்கு அதில் ஒரு ரூபாய் லாபமில்லை. பயந்ததற்குக் கூலியாக வேலை மிஞ்சியது.

8.50க்குச் சோளக்காடு, 9.10க்குச் செம்மேடு. டீ குடித்துவிட்டுப் பங்கு ஆட்டோவில் ஏறினோம். திருப்புலி நாட்டுக்குள் ஆறு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, சரிவெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு. ஆட்டோக்காரர் பேச்சுக்காரர். அவர் தம்பியும் கிழங்கு போடுகிறாராம். கீழே கொண்டுபோனால் பாயிண்டில் அடித்துவிடுகிறார்கள், அந்தக் காசில் எவன் பிள்ளை சோறு தின்கிறதோ என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்ன தொழிலுங்க?” என்று கேட்டார்.

“மில்லு வேலைங்க.”

“என்ன மில்லுங்க?”

“நூல் மில்லு.”

லில்லி திரும்பி என்னைப் பார்த்தாள். பேக்டரியில் நடந்தது எதுவும் அவளுக்கு அப்போது தெரியாது.

பத்து மணிக்கு வீடு. ஓட்டு வீடு, முன்னால் சாணி மெழுகிய களம், ஓரத்தில் பலா மரம். செல்லமுத்து ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். “வாங்க மச்சான். பதினாலு வருசம் ஆச்சு, வழி தெரிஞ்சுதுங்களா?” என்றார். பையைக் கொடுக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

10.30க்கு ஜெபம் ஆரம்பித்தது. பெரியண்ணன் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். பாட்டு முடியும்வரை வாசலில் நின்று, பிறகு உள்ளே வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு சாட்சி சொல்ல வேண்டும், அது எங்கள் குடும்ப வழக்கம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை வாய்விட்டுச் சொல்வது. செல்லமுத்து எழுந்தார். கட்டிக்கொண்ட பெண்ணோடு ஒரு குடும்பமே வரும் என்று தாம் நினைத்ததாகவும், வரவில்லையே என்று பல வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததாகவும், இன்றைக்கு எல்லோரும் இந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறதே தமக்குப் போதும் என்றும் சொல்லி உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தது நான்.

உடம்புக்குச் சுகம் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வருஷா வருஷம் சொல்கிற அதே வாக்கியம்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. அதற்கு முன்னால் தட்டில் வேகவைத்த குச்சிக்கிழங்கு, பச்சைமிளகாய்ச் சட்னி. நல்ல வெள்ளையாக வெடித்து ஆவி பறந்தது. இருபத்தெட்டுக்குக் குறையாது என்று என் கண்ணே எடைபோட்டது. ஒரு துண்டைப் பிட்டேன், வாயில் வைக்கவில்லை. கையைக் கழுவுகிற சாக்கில் வெளியே போனேன். செல்லமுத்து பின்னாலேயே வந்து சொம்பில் தண்ணீர் ஊற்றினார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், உங்கள் லோடில் மூன்று பாயிண்ட் நான்தான் குறைத்தேன் என்று.

“தெரியுமுங்க மச்சான்” என்றார். “அடுத்த வாரம் அதே காட்டுக் கிழங்கு வேற பேக்டரில இருபத்தெட்டு வந்துச்சு.”

ரூத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

“பாயிண்டு எல்லாத்துக்கும் கொறைப்பாங்க. ஆனா, மலைக்காரங்க யாரோன்னு சொன்னீங்களே, அது எங்காதுல உழுந்துச்சுங்க.”

நான் உள்ளே போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றபடி முழுவதையும் சொன்னேன். அண்ணன் கையிலெடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார். லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்த லோடில் மூன்று டன் அவருடைய கிழங்கு. “அப்பிடின்னா இந்தத் தட்டுலயும் மூணு பாயிண்டு கொறைச்சுத்தான் வெச்சிருக்குதுங்களா?” என்றார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ரூத் கரண்டியோடு நின்றாள். பணத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“அண்ணா, அன்னிக்கு லாரி சாயந்தரம் வரைக்கும் அங்கதான் நின்னுதாமா. மத்தியானம் அவரு என்ன சாப்ட்டாரு?”

எனக்குத் தெரியாது. லில்லி கட்டிக்கொடுத்த டிபனை அன்றைக்கு நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றேன், அவர் கண்ணில் படாமல் இருக்க. அதையும் சொன்னேன். லில்லி எழுந்து வெளியே போனாள். ரூத் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். போடும்போது என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

செல்லமுத்து பணம் வேண்டாம் என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன், அதுவும் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. முதலில் பெரியண்ணனுக்குக் கொடுங்கள், எனக்கு அப்புறம் ஆகட்டும் என்றார். பஸ்ஸுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, பையிலிருந்த ஆயிரத்து நானூறைப் பெரியண்ணன் கையில் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துத்தான் மடியில் வைத்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முடிவு ஜெபத்தில் அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டார்.

3.15க்குக் கிளம்பினோம். ரூத் வழியனுப்ப வெளியே வரவில்லை. செல்லமுத்து ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு செம்மேடு வரை கூடவே வந்தார். நாலு மணி பஸ்ஸில் கண்டக்டர் பழத்தைப் பார்த்து, லக்கேஜ் யாருடையது, அந்த மலைக்காரர் கூட வருகிறாரா என்று கேட்டார். “என் தங்கச்சி ஊட்டுக்காரருங்க. எங்களை ஏத்திவிட வந்திருக்காரு” என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்லமுத்து ஜன்னலுக்கு வெளியே நின்று தலையை ஆட்டினார். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. லில்லி வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

இறங்கும்போது நான் வளைவுகளை எண்ணவில்லை. தை மாதத்திலிருந்து தினம் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். என் கடனை இயேசு சிலுவையில் தீர்த்துவிட்டார், நான் இரட்சிக்கப்பட்டவன் என்று சொல்லிச் சொல்லித் தூங்கியிருக்கிறேன். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நான் அவரிடம் கொண்டுபோனது என் பயத்தை மட்டும்தான். சாப்பிட்டாரோ இல்லையோ, சாயந்தரம் வரை லாரியோடு நின்ற மனிதரை ஒரு நாளும் அந்த ஜெபத்துக்குள் கொண்டுவரவில்லை. அண்ணன் வீட்டில் பதினான்கு வருஷமாகக் கூடினோம், சுவரில் வசனம் மாட்டியிருக்கிறது. குடும்பம் என்பது என்னவென்று செல்லமுத்து அந்த மண் தரையில் எங்களை உட்காரவைத்துக் காட்டினார். யார் குறைத்தது என்று தெரிந்தே என் பையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை கேட்டில் முதலில் வந்தது ஒரு மலை லோடு. தராசு காட்டியதை அப்படியே எழுதினேன், இருபத்தேழு. கணக்கப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த லாரியைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறவரை மாதா மாதம் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

ஒன்பது டன், மூன்று பாயிண்ட், அன்றைய விலை டன்னுக்குப் பாயிண்ட் ஒன்று முந்நூற்றுப் பத்து. ஆக மொத்தம் 8,370. கொடுத்தது 1,400. பெரியண்ணனுக்கு இன்னும் 1,390, செல்லமுத்துவுக்கு 5,580. நான் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்.