முத்திரை போட்ட வெயிட்டு

எங்கள் பக்கத்தில் லஞ்சம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கவனிப்பு என்பார்கள், டீச்செலவு என்பார்கள். பேப்பரின் மேல் வெயிட் வைப்பது என்றாலும் அதுதான். வைக்காத பேப்பர் பறந்துவிடுமாம். இந்தப் பேச்செல்லாம் என் தங்கை மெர்லினுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ராயப்பன்பட்டியில் அவளுக்கு அரை ஏக்கர் பன்னீர் திராட்சை. வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடாமல், சாலையோரம் பந்தல் போட்டு, தட்டுத் தராசில் தானே நிறுத்து விற்பவள். போன ஆடியில், அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பழமோ கொடியில் கறுத்துத் தொங்கியது. பிந்தினால் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

சீட்டுக்கு மனு கொடுக்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அன்று காலைதான் எடைக்கற்களுக்கு முத்திரை போட்டு வாங்கியிருந்தோம். அவை கூடையிலேயே இருந்தன. எழுத்தர் மனுவைப் புரட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே காற்று தென்னையை வளைத்துக்கொண்டிருந்தது.

“மேல வெயிட்டு ஏதாச்சும் வையிம்மா. இல்லாட்டி காத்துல எங்கிட்டாவது போயிரும்.”

நான் சட்டைப்பைக்குள் கைவிட்டேன். மெர்லின் என் கையைத் தள்ளிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கிலோ கல்லை எடுத்து மனுவின் மேல் வைத்தாள்.

“சர்க்கார் முத்திரை போட்ட வெயிட்டு சார். குறையே இருக்காது.”

வரிசையில் இருமல் சத்தம் கிளம்பியது. தான் கேட்டது இது இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

கல்லை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்ததும், “ஏத்தா, வெவரம் புரியாமயா வச்ச?” என்றேன்.

“புரிஞ்சுதாண்ணே வச்சேன். வேற வேணும்னா அவுக வாயால கேக்கட்டும்.”

மறுநாளிலிருந்து தினமும் போனாள். மனுவைப் பற்றிப் பேசுவதில்லை. கல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவாள். பென்ஷனுக்கு அலைந்துகொண்டிருந்த சின்னக்கருப்பு வரிசையிலிருந்தே விசாரிப்பாராம்: “கல்லு பத்திரமா இருக்காத்தா?”

“சாரே காவல் இருக்காகய்யா.”

அந்த வாரக் கடைசியில் நானும் கூடப் போயிருந்தேன். அவளைக் கண்டதும் எழுத்தரே எழுந்து சீட்டை நீட்டினார். கல்லையும் அவள் பக்கம் நகர்த்தினார். மெர்லின் அதைத் திருப்பி, முத்திரையைப் பார்த்த பிறகே கூடையில் போட்டாள். என் கை பிடித்துப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை!

அடுத்த மாதம் வேறொரு வேலையாக அங்கே போனேன். எழுத்தர் மேசையில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட் இருந்தது. சொந்தக் காசில் வாங்கினாராம்.