ஆட்டா மூட்டையும் அறுபத்தொரு கிலோவும்

டெல்லி கரோல் பாக் சந்தொன்றில் இஸ்திரி வண்டி போட்டிருந்த மாசிலாமணிக்கு இதயம் பலவீனப்பட்டபோது, ஆஸ்பத்திரியில் ஓர் எடை மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் காலையில் ஏறி நின்றால் எண் போன் வழியாக நர்ஸ் அகல்யாவுக்குப் போய்விடும். உடம்பில் நீர் கோத்தால் எடை ஏறும், உடனே கூப்பிடுவாள்.

ஒருமுறை கூப்பிட்டாள். பதினைந்து நாள் படுக்கை. வார்டு ஆளை அறைந்ததற்காகக் கட்டிலோடு கையைக் கட்டினார்கள். திரும்பி வந்தவன் அதன்பிறகு மெஷினில் கால் வைக்கவில்லை. மனைவி பவுனுவை ஏற்றினான். அவள் எடை ஐம்பத்தொன்று. பத்துக் கிலோ ஆட்டா, கோதுமை மாவு மூட்டையையும் தூக்கிக்கொண்டால் அவன் எடை வந்துவிடும். முதல் நாள் மறுத்தவளின் முழங்கையில் கரி இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு வைத்தான். தோல் பெட்டியோடு வந்தது. பிறகு அவள் மறுக்கவில்லை. மாவு தீர்ந்த நாள்களிலும் அந்த மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

"ஜல்தி ஏறுடி" என்பான் தினமும்.

அவன் கால்கள் வீங்கின. உட்கார்ந்தபடியே தூங்கினான். மூன்றாவது அடிக்கு மூச்சு வாங்கியது. நின்று இளைப்பாறிவிட்டு அவளை நான்காவது அடி அடித்தான். பவுனு எண்ணத் தொடங்கினாள். மூன்று, பிறகு இரண்டு. இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் ஓய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பொய் போனது அவள் பாதங்களின் வழியாக. அவன் செத்தால் கொன்றது அந்தப் பாதங்கள்தான். பொய்யை நிறுத்த நினைத்ததற்குக் கருணை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை.

ஒரே அடியில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்ட நாளுக்கு மறுநாள் காலை, அவன் குழாயடிக்குப் போயிருந்தபோது, மூட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியையும் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அறுபத்தேழு.

அவன் திரும்பி வரவும் போன் அடித்தது.

"அங்கிள், ஒரே நாள்ல ஆறு கிலோவா? வண்டி அனுப்பறேன், வீட்லயே இருங்க" என்றாள் அகல்யா.

மூட்டைமேல் இருந்த பெட்டியை அவன் பார்த்தான்.

"போட்டுக் குடுத்துட்டியாடி?"

பெட்டியைத் தூக்கி அவள் தலைக்கு வீசினான். அது காதைக் கிழித்துக்கொண்டு போய்க் கதவில் மோதியது. அடுத்த அடிக்கு அவனிடம் மூச்சில்லை. வாயில் நுரை தள்ள, சுவரோரம் சரிந்தான்.

ரத்தம் வழியும் காதைப் பொத்திக்கொண்டு பவுனு சொன்னாள்: "எந்திரிக்காத. வண்டி வருது."

ஆஸ்பத்திரியில் அவனை எடை போட்டார்கள். அறுபத்தொன்பது. பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். அவன் கைக்கு மறுபடி எப்போது வலு வரும் என்று அவள் கேட்டாள். பத்து நாளில் வந்துவிடும் என்று அவர் நல்ல செய்தியாகவே சொன்னார்.

காதில் தையலோடு அவள் மெஷினை அகல்யாவின் மேஜையில் வைத்தாள்.

"இனிமே அவரு கால அவரே வைக்கட்டும்மா. நான் முனிர்காவுக்கு வீட்டு வேலைக்குப் போறேன், அங்கயே தங்கிக்குவேன்."